அஞ்சு எடுத்துக் கொடு

திருவொற்றியூரில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் ஒரு நிகழ்ச்சி நிச்சயம் உண்டு. “அத்தைக்கு ஒன், டூ, த்ரீ சொல்லிக் காட்டுடா” என்பார்கள். பிள்ளை மூச்சு விடாமல் இருபது வரை சொல்வான். சில வீடுகளில் ஐம்பது, சில வீடுகளில் நூறு. எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு உண்மையில் எந்த எண் வரை கைவசம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு தொழில். அதை நான் ஒரு பால்வாடியில், ஒரு அக்காவிடம் கற்றுக்கொண்டேன்.

மழலையர் ஆசிரியர் பயிற்சியின் செய்முறைக்காக என்னை அங்கே விட்டிருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில் ஒற்றை அறை, பின்னால் சமையல்கட்டு. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருவில் விற்பவர், எண்ணூர்ப் பக்கம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள் – இவர்களுடைய பிள்ளைகள்தான் அங்கே. இரண்டரை வயதும் ஐந்து வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் சத்துணவும் தடுப்பூசியும் முன்பருவக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்க்காரர்களில் பலருக்குச் சோறுதான் கண்ணில் படும். அக்காவோ சோற்றுத் தட்டை எடுத்து வைப்பதிலேயே பாடம் நடத்திவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் டீச்சர், எனக்கு அக்கா.

வந்ததும் எண் சார்ட்டை எடுத்து மாட்டப் போனேன். “அது இருக்கட்டும்மா. யாருக்கு எது தெரியும்னு முதல்ல பாரு. அப்புறம் சொல்லிக் குடுக்கலாம்” என்றார்.

அதற்கு ஒரு தாம்பாளமும் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும். மீன் விற்கும் அம்மாவின் மகள், மூன்று வயது முடிந்தவள், இருபது வரை தடுக்காமல் சொல்கிறவள். அவளைத் தாம்பாளத்துக்கு எதிரே உட்காரவைத்து அக்கா உள்ளங்கையை நீட்டினார்.

“டீச்சருக்கு ஒண்ணு குடு.”

ஒரு கொட்டையை எடுத்து வைத்தாள்.

“ரெண்டு குடு.”

வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்தாள்.

“மூணு குடு.”

கை நிறைய அள்ளிக் கொட்டினாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

“மூணு கீதா, எண்ணிப் பாரு.”

ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒன்றைக்கூட விடாமல், ஒன்றைக்கூட இரண்டு தடவை தொடாமல் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு.

“அப்ப எத்தனை கீது?”

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொரு தடவை கேட்டபோதும் ஒன்றிலிருந்தே. ‘எத்தனை’ என்று கேட்டால் விரலை வைத்து அந்த வரிசையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் அறிந்தது. கடைசியாகச் சொன்ன ‘ஏழு’தான் அந்தக் குவியலின் அளவு என்பது அவளுக்கு இன்னும் எட்டவில்லை. அக்கா என் நோட்டை வாங்கி, அவள் பெயருக்கு நேரே ‘2’ என்று எழுதினார். இருபது வரை சொல்கிறவளுக்கு இரண்டு.

இதே சோதனையை உலகம் முழுவதும் செய்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் பிறகு தெரிந்துகொண்டேன். கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இது பரவலானது. பிள்ளைகள் எண்களைக் கூட்டமாகப் பிடித்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றாகத்தான் கைவசப்படுத்துகிறார்கள். முதலில் ‘ஒன்று’க்கு மட்டும் பொருள் தெரியும், மற்ற எண்ணுக்கெல்லாம் ‘நிறைய’ என்றுதான் பொருள். மாதங்கள் கழித்து ‘இரண்டு’. இன்னும் மாதங்கள் கழித்து ‘மூன்று’. சிலர் ‘நான்கு’ வரை இப்படியே ஏறுவார்கள். அதன் பிறகு ஒரு தாவல். அஞ்சு கேட்டாலும் எட்டு கேட்டாலும் எண்ணி எடுத்துச் சரியாகக் கொடுப்பார்கள். பெரும்பாலும் மூன்றரைக்கும் நான்கரைக்கும் நடுவில் இது நடக்கிறது. வீட்டுக்கு வீடு, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நூறு வரை ஒப்பிப்பதற்கும் இந்தத் தாவலுக்கும் நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாம். நாம் கைதட்டுவது முதலாவதுக்கு.

நாலு வரைக்கும் ஏன் அவ்வளவு சலுகை? நாலு வரையுள்ள கூட்டத்தை எண்ணாமலே கண்ணால் பிடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். 1871-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் பெட்டிக்குள் அவரை விதைகளைத் தூவி, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லித் தன்னையே ஆயிரத்துக்கும் அதிகமான தடவை சோதித்துக்கொண்டார். மூன்றிலும் நான்கிலும் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்து தவறு தொடங்கியது. நம் வீட்டுப் பல்லாங்குழியில் குழியில் நாலு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளுகிறோமே, யாராவது எண்ணி அள்ளுகிறார்களா? நாலைக் கண் பிடித்துவிடுகிறது. எண்ணத் தெரியாத பேத்தியும் பாட்டிக்கு முந்தி “பசு!” என்று கத்த முடிவது அதனால்தான். இதைப் பால்வாடியில் நேரிலேயே பார்த்தேன். பல்லாங்குழியை யார் கண்டுபிடித்தாரோ, அவருக்குப் பிள்ளைகளின் கண்ணைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்து, திரைக்குப் பின்னால் இன்னொரு பொம்மையைக் குழந்தை பார்க்கவே வைத்துவிட்டு, திரையை விலக்கும்போது ஒன்றே ஒன்று மட்டும் இருக்கும்படி செய்தால், குழந்தை கூடுதல் நேரம் வெறித்துப் பார்க்கிறது. இதுவும் வின் 1992-ல் வெளியிட்டது. எண் பற்றிய வித்து பிறவியிலேயே இருக்கிறது. ‘ஒன்று, இரண்டு’ என்ற சொற்களை அந்த வித்தோடு சேர்த்துக் கட்டுவதுதான் நீண்ட வேலை, எங்கள் வேலை.

அந்த வேலையில் கற்க வேண்டியது முக்கால்வாசி நம் கையையும் வாயையும் அடக்குவது. பிள்ளை எண்ணும்போது நம் விரல் முந்தக் கூடாது. முந்தினால் எண்ணியது நாம்தான். “சரியா?” என்று கேட்டால் முகத்தைப் பார்த்து மாற்றிவிடும். சரியாகக் கொடுத்தாலும் தவறாகக் கொடுத்தாலும் ஒரே குரலில் “எண்ணிப் பாரு” என்று சொல்லப் பழக வேண்டும். எனக்கு இது லேசில் வரவில்லை. பிள்ளை தடுமாறினால் உதடு தானாக ‘மூ…’ என்று குவியும். அக்கா மூலையிலிருந்தே பார்த்துவிடுவார்.

எங்கே அறுகிறது என்று பார்ப்பது அடுத்த பாடம். ரோஷெல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் 1978-ல் எழுதிய புத்தகம் எண்ணுதலை ஐந்து விதிகளாகப் பிரித்தது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறாமை, கடைசிச் சொல்லே மொத்தம் ஆகியவை முதல் மூன்று. எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்த மூலையிலிருந்தும் எண்ணலாம் என்பவை மற்ற இரண்டு. புத்தகத்தில் படித்தபோது இவை சட்டம் மாதிரி இருந்தன. பாயில் உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. லாரி டிரைவரின் மகனுக்கு வாய் வேகம், விரல் மெதுவு: நாலு கொட்டைக்குள் ‘ஏழு’ வந்துவிடும். அவனுக்குச் சொற்கள் தெரியும், ஒன்றுக்கொன்று பொருத்துவது வரவில்லை. அவனை எண்ணச் சொல்லாமல், எண்ணியதை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு ‘டொக்’ என்று போடச் சொன்னார் அக்கா. கொட்டை விழும் சத்தம் கேட்கும் வரை அடுத்த சொல் வரக் கூடாது. வாய் தானாகக் கைக்குக் கட்டுப்பட்டது. வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணச் சொன்னால் சிலர் சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு, முதலில் தொட்ட பிள்ளையின் தலையில் ஒரு கைக்குட்டை.

முட்டை போடும் நாள்தான் என் கண்ணைத் திறந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒரு பிள்ளையிடம் அக்கா, “இந்த வரிசையில எல்லாருக்கும் தட்டு கொண்டா” என்பார். தட்டுகள் சமையல்கட்டில். வரிசையில் ஏழு பேர். தாவல் நடக்காத பிள்ளை ஒரு தட்டைக் கொண்டுவந்து முதல் ஆளுக்கு வைக்கும், திரும்பப் போகும், அடுத்தது. ஏழு நடை. சலிக்காமல் நடக்கும், கடைசியில் சரியாகவும் முடிக்கும். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதில் குறையில்லை. அந்த மீன்கார அம்மாவின் மகளும் சில மாதங்கள் இப்படித்தான் நடந்தாள். பிறகு ஒரு நாள், வரிசையின் முன்னால் நின்று தலைகளை எண்ணினாள். “ஏழு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சமையல்கட்டுக்குப் போனாள். உதடு ‘ஏழு, ஏழு’ என்று அசைந்துகொண்டே இருந்தது. உள்ளே தட்டுகளை எண்ணி எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஒரே நடையில் வந்தாள். வரிசையில் வைத்து முடித்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இங்கே பார்த்த கூட்டம் அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏழு பேரை ஒரு சொல்லில் ஏற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். எண் என்ற பொருள் எதற்காக இருக்கிறதோ, அது அப்போது நடந்தது. அக்கா அன்று நோட்டில் ‘2’-ஐ அடித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. இனி அவளுக்கு எல்லை கிடையாது என்று அர்த்தம்.

தாவிய பிறகும் எல்லாம் முடிந்துவிடாது. சோடா மூடிகளை இரண்டு வரிசையாக, சமமாக ஆறு ஆறு வைப்போம். இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொள்ளும். ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்தால் “இதுல ஜாஸ்தி” என்று நீளமானதைக் காட்டும். ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே 1941-ல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஏழு வயதை ஒட்டித்தான் எண்ணின் நிலைபேறு பிடிபடும் என்றார். 1974-ல் மெக்கேரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் வேறுவிதமாகச் செய்தார்கள்: பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்தது. இப்போது சரியாகச் சொன்ன பிள்ளைகள் அதிகம். பெரியவர் வேண்டுமென்றே அகட்டிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், வேறு பதில் எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைக்கிறது. அக்கா பியாஜேயைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் ஒருபோதும் தானாகக் கலைக்க மாட்டார். ஒரு காக்கா பொம்மை வைத்திருந்தார். அதுதான் வந்து கலைக்கும். பிள்ளைகள் காக்காவைத் திட்டிவிட்டு, “ஒண்ணும் எடுத்துனு போவல டீச்சர், அப்பிடியேதான் கீது” என்பார்கள்.

சொற்களிலிருந்து எழுத்துக்குப் போவது அடுத்த படி. சார்ட்டுக்கு முன்னால் மணல். தட்டில் மணல் பரப்பி, மூன்று கிளிஞ்சல்களை மேலே வைத்து, கீழே விரலால் 3. விரலால் மணலில் எழுதுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-ல் அதை எழுதி வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது உப்புத்தாள் எண்களையும் கதிர்ப் பெட்டியையும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெட்டியில் 0 முதல் 9 வரை அறைகள். ஒவ்வொன்றிலும் அத்தனை குச்சிகள். 0 அறை காலியாக இருக்கும். விலை கொடுத்து வாங்க எங்களுக்கு வழியில்லை. சாக்லேட் டப்பாவும் ஐஸ் குச்சியும் வைத்து அக்கா செய்திருந்தார். காலி அறையில் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பத்துக்கு மேலே போகும்போது தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. இலெவன், ட்வெல்வில் அப்படி எதுவும் விழாது. பதின்ம எண்கள் இதேபோல வெளிப்படையாக உள்ள சீன மொழியையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு கெவின் மில்லரும் மற்றவர்களும் 1995-ல் செய்த ஆய்வில், பத்து வரை இரு நாட்டுப் பிள்ளைகளும் சமமாக வந்தார்கள். பத்தைத் தாண்டியதும் ஆங்கிலப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இங்கிலீஷ் எண்ணை மட்டும் ஊட்டுவது இருக்கும் ஏணியைத் தள்ளிவிடுவது. ஒரு பிள்ளை “இருபத்தொம்போது, இருபத்திப்பத்து” என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எண் கட்டப்படும் விதத்தை அது தானாகக் கண்டுபிடித்துவிட்டது.

தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் நேர்வரிசையில் போட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதி, காய் நகர்த்தும் விளையாட்டு ஒன்று உண்டு. பாண்டிக் கட்டத்தைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். அதில் ஒரு நுணுக்கம். ஐந்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், “ஒண்ணு, ரெண்டு” என்று நகர்த்தக் கூடாது. “ஆறு, ஏழு” என்று சொல்லி நகர்த்த வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை அக்கா விடவே மாட்டார். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் ஏழை வீட்டுப் பிள்ளைகளோடு மொத்தம் ஒரு மணி நேரம் அளவுக்கே இப்படி விளையாடியதில், எண் அறிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. எண்களுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

எண்ணை எழுத்தோடு சேர்ப்பதில் ஏன் இத்தனை பிடிவாதம்? டெல்லியில் 214 பாலர் பள்ளிகளில் சுமார் 1,500 பிள்ளைகளோடு மொய்ரா டிலன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணக்கு விளையாட்டுகள் பிள்ளைகளின் இயல்பான எண் உணர்வைக் கூட்டின. ஒரு வருஷம் கழித்தும் அது நிலைத்தது. ஆனால் பள்ளிக்கூடக் கணக்குக்கு அது போய்ச் சேரவில்லை. 2025-ல் நேச்சர் இதழில் வந்த இன்னொரு ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றியது. சிக்கலான விலைக்கணக்கை மனத்தில் போடுகிறவர்கள் அதே கணக்கைப் பள்ளி வடிவில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். காசிமேட்டில் இதற்கு ஆய்வே வேண்டாம். கூடைக்கு எவ்வளவு, சில்லறை எவ்வளவு என்று அம்மாவுக்கு முன்னால் சொல்லும் பையன்கள் பள்ளிக்கூடத்தில் ‘கணக்கு வராதவன்’ என்று பெயர் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கொட்டையும் 3 என்ற எழுத்தும் மூன்று வயதிலிருந்தே ஒரே தட்டில் இருந்தால் இந்தப் பிளவு இவ்வளவு ஆழமாகாது.

தமிழக அரசு 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் படியைப் பார்த்துப் பிரிக்கிறது. அது சரியான வழி. அந்தப் பார்வை இன்னும் கீழே, மூன்று வயதுக்கே இறங்க வேண்டும். இப்போது நடப்பதோ தலைகீழ். பென்சிலை ஒழுங்காகப் பிடிக்க முடியாத விரல்களுக்கு ‘1 முதல் 100 வரை எழுதி வா’ என்று வீட்டுப்பாடம். தாய்மார்கள் ராத்திரி பத்து மணிக்குக் கையைப் பிடித்து எழுதவைக்கிறார்கள். ‘மூணு குடு’ என்றால் அள்ளிக் கொட்டுகிற பிள்ளைக்கு 67 என்பது கோடுதான். இது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். நான் எங்கு வேலைக்குப் போனாலும் இதைச் செய்யப் போவதில்லை.

இதைப் படிக்கும் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தாவிடம் ஒரு வேண்டுகோள். இன்று சாயங்காலம் சமைக்கும்போது பிள்ளையைக் கூப்பிட்டு, “நாலு வெங்காயம் எடுத்துட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கொண்டுவந்தால் திட்டாதீர்கள். “எண்ணிப் பாரு” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சாப்பாட்டுத் தட்டை அந்தப் பிள்ளையையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். எண் எழுதும் நோட்டை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.